பழைய மைதானமும் புதிய அரங்கமும்: கால்பந்துக் கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிவர்பூல் நகரின் எவர்டன் கிளப், 1892 முதல் தன் வீடாக இருந்த குடிசன் பார்க் மைதானத்தில் ஆடவர் அணியின் கடைசிப் போட்டியை 2025 மே 18 அன்று ஆடி முடித்தது. அடுத்த சீசனை மெர்சி ஆற்றங்கரையில், பழைய கப்பல்துறை ஒன்றைத் தூர்த்துக் கட்டிய ஹில் டிக்கின்சன் அரங்கத்தில் தொடங்கியது. இங்கிலாந்துக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் ரசிகர்கள் இதையொட்டி எழுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன: அரங்கம் பெரிதானால் கூட்டமும் பெருகுமா? பழைய மைதானத்தின் வாசலில் இடமின்றி எத்தனை பேர் நின்றார்களோ அத்தனை பேருக்குத்தான் புதிய அரங்கம் இடம் தர முடியும், இல்லாத ரசிகரை எந்தக் கட்டடமும் உண்டாக்குவதில்லை என்பதே கீழே வரும் விடைகளுக்கெல்லாம் அடிப்படை.

ஒரு போட்டிக்கு வந்த கூட்டம் என்று அறிவிக்கப்படும் எண் எதைக் குறிக்கிறது?

இங்கிலாந்தில் பெரும்பாலான கிளப்புகள் அறிவிப்பது, அந்தப் போட்டிக்காக விற்கப்பட்ட அல்லது வழங்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கையை அல்ல. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாலும் கணக்கில் அவர் வந்தவர்தான். கிளப்பின் வருமானத்தைக் கணக்கிட இந்த முறை போதும். அரங்கம் உண்மையில் எவ்வளவு நிரம்பியது என்று அறிய இது போதாது. 2018-இல் பிபிசி, உள்ளாட்சி மன்றங்களிடமும் காவல்துறையிடமும் இருந்த தலைக்கணக்கைப் பெற்று ஒப்பிட்டபோது, வெஸ்ட் ஹாம் கிளப்பின் அறிவிப்புக்கும் உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இடையே சராசரியாகப் பத்தாயிரத்தைத் தாண்டிய இடைவெளி இருந்தது தெரியவந்தது.

பழைய மைதானங்களில் தவறு எதிர்த்திசையில் நடந்தது. செங்கல் சுவரில் ஓர் ஆள் மட்டும் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும்; அதன் பக்கத்தில் சிறு கூண்டுக்குள் ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். காசை வாங்கிக்கொண்டு காலால் மிதியை அழுத்துவார். இரும்புத் தடி ஒருமுறை சுழலும். அதனோடு இணைந்த எண்வட்டு ஒன்று கூடும். அப்பா தன் மகனைத் தூக்கி அந்தத் தடிக்கு மேலாக உள்ளே விட்டுவிட்டால் பையன் கணக்கில் வரமாட்டான். அந்த நாளில் இது எல்லா மைதானங்களிலும் நடந்த வழக்கம். எனவே 1930-களின் எண்களைப் படிக்கும்போது உண்மை அதைவிடச் சற்றுக் கூடுதல் என்றும், இன்றைய எண்களைப் படிக்கும்போது சற்றுக் குறைவு என்றும் கொள்வதே நியாயமானது.

இன்றைய அரங்கங்களை விடப் பழைய மைதானங்களில் அதிகம் பேர் கூடினார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் 1934 மார்ச் 3 அன்று ஸ்டோக் அணியுடனான எஃப்.ஏ. கோப்பைப் போட்டிக்கு (தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்துத் தொடர் அது) 84,569 பேர் வந்தனர். ஓர் ஆங்கில கிளப் தன் சொந்த மைதானத்தில் கண்ட மிகப் பெரிய கூட்டமாக அது இன்றும் நிற்கிறது. சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க் 1933-இல் 75,118 பேரையும், ஆர்சனலின் ஹைபரி 1935-இல் 73,295 பேரையும், குடிசன் பார்க் 1948 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிரான போட்டியில் 78,299 பேரையும் கண்டன. அதே குடிசன் பார்க்கில் கடைசி ஆண்டுகளில் இருந்த இடம் ஏறக்குறைய 39,000 பேருக்கு மட்டுமே.

காரணம் எளியது: அன்று பெரும்பாலோர் நின்றுகொண்டுதான் ஆட்டம் பார்த்தார்கள். மைதானத்தின் நான்கு பக்கமும் உயர்ந்து செல்லும் கான்கிரீட் படிகளில் தோளோடு தோள் உரச நிற்கும் கூட்டத்துக்கு இருக்கை வரம்பு எதுவும் இல்லை. சனிக்கிழமை பிற்பகலில் தொழிற்சாலையும் சுரங்கமும் அரைநாள் விடுமுறை விட, தொழிலாளர்கள் வேலை முடிந்த கையோடு நடந்தே மைதானத்துக்கு வந்தார்கள். போர் முடிந்த கையோடு இந்த அலை உச்சத்தைத் தொட்டது. 1948–49 சீசனில் ஃபுட்பால் லீக் போட்டிகளுக்கு மொத்தம் 4.1 கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. தொலைக்காட்சியும், ஆலை மூடல்களும், மைதான வன்முறையும் சேர்ந்து 1985–86-இல் அந்த எண்ணை ஏறக்குறைய 1.65 கோடிக்குத் தள்ளின. மைதானங்கள் சுருங்குவதற்கு முன்பே கூட்டம் சுருங்கிவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

உலக அளவில் மிகப் பெரிய கூட்டம் எது?

1950 உலகக் கோப்பையில் பிரேசிலும் உருகுவேயும் மோதிய கடைசிப் போட்டிக்கு ரியோவின் மரக்கானா அரங்கத்தில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். இந்தியாவில் 1997 ஜூலை 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தனர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்த போட்டி அது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அங்கே தனித்தனி இருக்கைகள் பொருத்தப்பட்ட பின், அதே அரங்கத்தின் கொள்ளளவு அந்த எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

நின்று பார்க்கும் படிகளை ஏன் எடுத்தார்கள்?

மனிதர்கள் செத்தார்கள் என்பதால். 1946-இல் போல்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் 33 பேர், 1971-இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் படிக்கட்டில் 66 பேர், 1985-இல் பிராட்ஃபோர்டில் மரத்தாலான பழைய பார்வையாளர் மாடம் தீப்பிடித்து 56 பேர். இறுதியாக 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் ஆடத் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், கம்பிவேலிக்குப் பின்னே நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தனர். பல ஆண்டுகள் ரசிகர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. 2016-இல்தான் விசாரணை நடுவர் குழு, ரசிகர்களின் நடத்தை காரணம் அல்ல என்றும் அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள் என்றும் முடிவளித்தது.

நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கை, பெரிய மைதானங்கள் எல்லாம் முழுக்க இருக்கைகள் கொண்டவையாக மாற வேண்டும் என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்து லீக் அடுக்கின் முதல் இரண்டு நிலைகளில் ஆடும் கிளப்புகளுக்கு 1994 ஆகஸ்ட் கெடுவாக வைக்கப்பட்டது. உட்காருபவருக்கு நிற்பவரைப் போல இரு மடங்கு இடம் வேண்டும் என்பதால், சுற்றிலும் தெருக்கள் சூழ்ந்த பழைய மைதானங்கள் ஒரே வீச்சில் பாதியாகின. 1990-களிலும் அதன் பின்னும் கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர் ஓரத்துக்குக் குடிபெயர்ந்ததன் வேர் இந்த அறிக்கையில்தான் இருக்கிறது. 2022 முதல், ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னே தடுப்புக் கம்பி கொண்ட பகுதிகளில் மட்டும் முதல் இரண்டு நிலைக் கிளப்புகளின் ரசிகர்கள் மீண்டும் நின்று பார்க்க அனுமதி உண்டு. அங்கும் ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான்.

பழைய மைதானத்தையே பெரிதாக்கிக் கொள்ளலாமே?

முடிந்தவர்கள் அப்படியே செய்தார்கள். லிவர்பூல் கிளப் பல ஆண்டுகள் அக்கம்பக்கத்து வீடுகளை வாங்கிச் சேர்த்து, ஆன்ஃபீல்டின் பிரதான மாடத்தை 2016-இலும், ஆன்ஃபீல்டு ரோடு மாடத்தை அதன் பிறகும் உயர்த்தி, கொள்ளளவை 61,000-க்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காலம் முழுவதும் சுற்றியிருந்த தெருக்களில் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அந்த வேதனையை ஆன்ஃபீல்டு வட்டாரத்து மக்கள் மறக்கவில்லை.

குடிசன் பார்க்குக்கு அந்த வழியும் இல்லை. அதன் ஒரு மூலையில் இரண்டு மாடங்களுக்கு இடையே புனித லூக்கா தேவாலயம் நின்றது. மற்றப் பக்கங்களில் பள்ளியும் வரிசை வீடுகளும் மைதானச் சுவரை ஒட்டியே இருந்தன. ஹைபரியில் சிக்கல் வேறு: 1930-களில் கட்டிய கிழக்கு மாடம் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்ததால் அதை இடிக்க முடியாது. சுற்றியிருந்த குடியிருப்பாளர்களும் விரிவாக்கத்தை எதிர்த்தார்கள்.

புதிய அரங்கத்தில் எத்தனை இருக்கை வேண்டும் என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

முழு விவகாரத்திலும் மிகக் கடினமான கேள்வி இதுதான். பழைய மைதானம் ஒவ்வொரு வாரமும் நிரம்பினால், அங்கே பதிவாகும் சராசரி, கிளப்பின் ரசிகர் பலத்தைக் காட்டுவதில்லை. சுவரின் உயரத்தைத்தான் காட்டுகிறது. ஹைபரியில் கடைசி ஆண்டுகளில் சராசரி 38,000 என்றால், அங்கே இருந்த இருக்கைகளே 38,419 என்பதுதான் அதற்குக் காரணம். வெளியே நிற்பவர்களை எண்ண வேறு அளவுகோல் வேண்டும்.

ஆர்சனலுக்கு அந்த அளவுகோல் தற்செயலாகவே கிடைத்தது. 1998 முதல் இரண்டு சீசன்கள் சாம்பியன்ஸ் லீக் போட்டிகளை அது பழைய வெம்பிளி அரங்கத்தில் ஆடியது. 1998 நவம்பரில் பிரான்சின் லான்ஸ் அணிக்கு எதிரான போட்டிக்கு 73,707 பேர் வந்தனர். அன்று ஆர்சனல் தோற்றது. ஆனால் ஹைபரியின் கொள்ளளவைப் போல ஏறத்தாழ இன்னொரு மடங்கு ரசிகர்கள் டிக்கெட் கிடைக்காமல் வெளியே இருந்திருக்கிறார்கள் என்பது அன்று இரவு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. பின்னர் ஆஷ்பர்ட்டன் குரோவில் கட்டிய எமிரேட்ஸ் அரங்கத்துக்கு 60,000 இருக்கை என்று துணிந்து முடிவெடுக்க முடிந்தது. 2006-இல் திறந்த அந்த அரங்கத்தில் ஆர்சனல் 2014 வரை ஒரு கோப்பையும் வெல்லவில்லை. அப்போதும் டிக்கெட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன.

இப்படியொரு வாய்ப்பு எல்லாக் கிளப்புக்கும் அமையாது. அப்படிப்பட்டவர்கள் பார்க்க வேண்டியவை சில. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம். அணி தோற்கும் ஆண்டிலும் அந்தப் பட்டியல் நிலைக்கிறதா. வெளியூர்ப் போட்டிகளில் தங்களுக்கு ஒதுக்கும் டிக்கெட்டுகள் தீர்ந்துவிடுகின்றனவா. பெரிய அணிகள் வராத குளிர்கால இரவுகளில் எத்தனை இருக்கை காலி. இவற்றில் எனக்கு மிக நம்பகமாகப் படுவது இரண்டாவது. வெற்றி ஆண்டில் நீளும் பட்டியல் யாருக்கும் நீளும். எவர்டன் கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படும் விளிம்பில் தத்தளித்த 2022, 2023 ஆண்டுகளிலும் குடிசன் பார்க் நிரம்பியே இருந்தது. புதிய அரங்கத்துக்கு 52,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள் என்ற எவர்டனின் முடிவு சரியானது என்று நான் கருதுவதற்கு அந்த இரண்டு ஆண்டுகளே காரணம்.

இடம் மாறியதும் கூட்டம் உடனே ஏறிவிடுமா?

அடக்கி வைக்கப்பட்ட ஆர்வம் இருந்தால் ஏறும், அதுவும் வியக்க வைக்கும் வேகத்தில். சண்டர்லாந்து இதற்கு முதல் சான்று. ரோக்கர் பார்க்கின் கடைசிச் சீசனான 1996–97-இல் அணி முதல் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடியும் சராசரிக் கூட்டம் 21,000 அளவிலேயே இருந்தது, ஏனென்றால் அதற்கு மேல் இடமில்லை. அந்த ஆண்டு அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஆனால் 1993-இல் மூடப்பட்ட மங்க்வேர்மத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் எழுந்த ஸ்டேடியம் ஆஃப் லைட் அரங்கத்துக்கு 1997-இல் மாறியதும், தாழ்ந்த நிலையில் ஆடிக்கொண்டே சராசரி 30,000-ஐத் தாண்டியது. 42,000 இருக்கைகளோடு திறந்ததை 2000-இல் 49,000 ஆக்க வேண்டியிருந்தது. புதுமோகம் தீர்ந்த பின்னும் அந்த ஊர் கைவிடவில்லை. அணி மூன்றாம் நிலைக்கு விழுந்திருந்த 2018-இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டுக்கு எதிரான போட்டிக்கு 46,039 பேர் வந்தனர். அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் இறங்கிய அதே மண்ணின் மேல் அமர்ந்து பிள்ளைகள் ஆட்டம் பார்க்கிறார்கள். அரங்க வாசலில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு வடிவில் நினைவுச்சின்னம் வைத்திருப்பது வெறும் அலங்காரம் அல்ல.

பிரைட்டன் கதை இன்னும் நீளமானது. கடன்பட்டிருந்த அந்தக் கிளப்பின் கோல்ட்ஸ்டோன் மைதானம் விற்கப்பட்டு 1997-இல் கைவிட்டுப் போனது. மாற்று இடம் ஏதும் தயாராக இல்லை. இரண்டு ஆண்டுகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஜில்லிங்கத்தில் ஆடியது. பிறகு 12 ஆண்டுகள் வித்டீன் என்ற தடகளத் திடலில், மழையில் நனையும் தற்காலிக இருக்கைகளில் ஏழாயிரம் எட்டாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011-இல் ஃபால்மரில் சொந்த அரங்கம் திறந்ததும் சராசரி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 20,000 ஆயிற்று. கோல்ட்ஸ்டோனில் கடைசியாக எதிர்த்து ஆடியது டான்காஸ்டர் அணி. 14 ஆண்டுகள் கழித்துப் புதிய அரங்கத்தின் முதல் லீக் போட்டிக்கு வந்ததும் அதே டான்காஸ்டர்.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும்?

டார்லிங்டன் ஆகும். இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள அந்தச் சிறு நகரத்து கிளப் நான்காம் நிலையில், சில ஆயிரம் ரசிகர்களோடு, ஃபீதம்ஸ் என்ற நூற்றாண்டுப் பழமை வாய்ந்த மைதானத்தில் ஆடிவந்தது. அன்றைய உரிமையாளர் 25,000 இருக்கை கொண்ட அரங்கத்தைக் கட்டி 2003-இல் கிளப்பை அங்கே கொண்டுபோனார். முதல் போட்டிக்கு 11,600 பேர் வந்தனர். அதற்குப் பிறகு அந்த எண்ணை லீக் போட்டி எதுவும் எட்டவில்லை. சில மாதங்களிலேயே, அந்த ஆண்டு டிசம்பரில், கிளப் நொடித்து நிர்வாகியின் கைக்குச் சென்றது. பின்னரும் இருமுறை அதே நிலை. 2012-இல் பழைய கிளப் கலைந்து, ரசிகர்கள் கூடி புதிதாகத் தொடங்கிக் கீழ்நிலை லீக்கிலிருந்து மீண்டும் ஏற வேண்டியதாயிற்று. அந்தப் பெரிய அரங்கம் ஒரு ரக்பி கிளப்பின் கைக்குப் போனது.

இருபதாயிரம் காலி இருக்கைகளுக்கும் விளக்கு, பராமரிப்பு, காப்பீடு என்று செலவு உண்டு. மூவாயிரம் பேர் பாடுவது கூட வெற்றிடத்தில் கரைந்துவிடும். ஃபீதம்ஸில் அதே மூவாயிரம் பேர் ஒரு கூட்டமாக இருந்தார்கள். புதிய இடத்தில் அவர்கள் சிதறிய சிலராகிவிட்டார்கள்.

பழையதைவிடச் சிறிய அரங்கம் கட்டிய கிளப் உண்டா?

இத்தாலியின் யுவென்டஸ். 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய டெல்லே ஆல்பி அரங்கம் ஏறக்குறைய 69,000 பேர் கொள்வது. ஆனால் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருந்ததால் ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து வெகுதொலைவில் அமர வேண்டியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய ரசிகர் படை கொண்ட கிளப், பாதி காலியான அரங்கத்தில் ஆடியது. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 இருக்கையோடு, ஓட்டப்பாதை இல்லாத அரங்கத்தை 2011 செப்டம்பரில் திறந்தது. அரங்கம் நிரம்பத் தொடங்கியது. அந்த சீசன் தொடங்கி தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. பட்டங்களுக்கெல்லாம் அரங்கமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் தட்டுப்பாடு என்பதே ஒரு கிளப்புக்குச் சொத்து என்பதை யுவென்டஸ் சரியாகப் புரிந்துகொண்டது.

தடகள அரங்கத்தைக் கால்பந்துக்கு மாற்றினால் செலவு மிச்சம்தானே?

செலவு மிச்சம், மற்றது நட்டம். கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் 1904 முதல் ஆடிய போலின் மைதானத்தை 2016 மே மாதம், மான்செஸ்டர் யுனைடெடை 3–2 என வென்ற இரவோடு விட்டுவிட்டு, 2012 ஒலிம்பிக் அரங்கத்துக்கு 99 ஆண்டுக் குத்தகையில் மாறியது. கூட்டம் 35,000-இலிருந்து 57,000 ஆயிற்று; பின்னர் 60,000-ஐயும் தாண்டியது. மிகக் குறைந்த வாடகையில் இவ்வளவு பெரிய அரங்கம் கிடைத்ததைப் பலர் அதிர்ஷ்டம் என்றார்கள்.

போலின் மைதானத்தில் முன்வரிசை ரசிகர் கை நீட்டினால், எல்லைக்கோட்டில் பந்தை வீச நிற்கும் ஆட்டக்காரரைத் தொட்டுவிடலாம் என்கிற நெருக்கம் இருந்தது. ஒலிம்பிக் அரங்கத்தில் ஓட்டப்பாதையின் மேல் நகரும் இருக்கைகளை இழுத்து வைத்தும், கோலுக்குப் பின்னே இருப்பவருக்கும் கோல்கம்பத்துக்கும் இடையே வெறும் தரை விரிந்து கிடந்தது. கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவே கூட இடைவெளி. அந்த மனக்குறை 2018 மார்ச்சில் பர்ன்லியிடம் 0–3 எனத் தோற்ற நாளில் வெடித்தது. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கி, இயக்குநர்கள் அமர்ந்திருந்த மாடத்துக்குக் கீழே கூடி முழக்கமிட்டார்கள். மான்செஸ்டர் சிட்டி 2003-இல் மெய்ன் ரோடை விட்டு 2002 காமன்வெல்த் போட்டி அரங்கத்துக்கு மாறியபோது இந்தத் தவறு நடக்கவில்லை. போட்டிகள் முடிந்ததும் ஓட்டப்பாதையை அகற்றி, தரையைத் தோண்டித் தாழ்த்தி, அங்கே கீழ் அடுக்கு ஒன்றைக் கூடுதலாக அமைத்த பிறகே கால்பந்து வந்தது. முதலிலேயே அப்படித் திட்டமிட்டிருந்தார்கள்.

புதிய அரங்கங்களில் ஆரவாரம் குறைந்துவிடுகிறது என்பது வெறும் ஏக்கமா?

பாதி ஏக்கம், பாதி உண்மை. கூரை தாழ்வாகவும் படிகள் செங்குத்தாகவும் ரசிகர்கள் களத்துக்கு அருகிலும் இருந்தால் குரல் உள்ளேயே எதிரொலிக்கும். பழைய மைதானங்களில் இவை இடநெருக்கடியால் தானாக அமைந்தன. புதியவற்றில் வரைந்து கட்ட வேண்டும். டாட்டனம் 2019-இல் திறந்த அரங்கத்தின் தெற்கு மாடம் 17,500 பேரை ஒரே அடுக்கில் கொள்வது. எவர்டனின் தெற்கு மாடமும் ஏறக்குறைய 13,000 பேருக்கு ஒரே சரிவாக எழுகிறது. நடுவே விருந்தினர் அறைகளின் கண்ணாடி வரிசை இல்லாததால் பாட்டு கீழிருந்து மேல்வரை அறுபடாமல் ஏறுகிறது. எமிரேட்ஸ் இவ்வளவு கவனத்தோடு கட்டப்படவில்லை. அங்கே நிலவிய அமைதியை ரசிகர்களே குறையாகச் சொல்லிவந்தார்கள்.

இன்னொரு காரணம் கட்டடத்தில் இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே தூணுக்குப் பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கு முன்வரிசைக்காரரின் தும்மல்கூடப் பரிச்சயம். இடம் மாறும்போது இருக்கைகளைத் தனித்தனியாக ஒதுக்கினால் அந்த அக்கம்பக்கம் கலைந்துபோகும். யாரோடு சேர்ந்து பாடுவது என்று தெரியாதவர் பாடமாட்டார். குடிசன் பார்க்கின் புல்லன்ஸ் ரோடு மாடத்தில், பழைய மைதானங்கள் பலவற்றை வரைந்த ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த குறுக்குநெடுக்கான இரும்புச் சட்டங்களுக்குப் பின்னே அமர்ந்தவருக்கு ஒரு கோல்கம்பம் தூணில் மறைந்துபோகும். ஆனாலும் தூண் மறைத்த கோலை அவருக்குச் சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். தெரிந்தவர்கள் கூட்டமாகவே இருக்கை கேட்க இடம் தர வேண்டும் என்பது, அரங்கம் மாறும் எந்தக் கிளப்புக்கும் நான் முதலில் சொல்லும் யோசனை.

வருமானம் எவ்வளவு கூடும்?

ஆர்சனலின் போட்டிநாள் வருமானம் எமிரேட்ஸின் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இருக்கைகள் அந்த விகிதத்தில் கூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உணவும் மேசையும் சேர்த்து விற்கும் விலையுயர்ந்த இருக்கைகளே வித்தியாசத்தைத் தந்தன. அதே வேளையில் 39 கோடி பவுண்டு செலவில் எழுந்த அரங்கத்தின் கடனைத் தீர்க்க, அடுத்து வந்த ஆண்டுகளில் நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டியிருந்தது. வருமானம் முதலில் வங்கிக்குப் போகிறது, அணிக்குப் பிறகுதான் வருகிறது.

கட்டும் காலத்தில் எங்கே ஆடுவார்கள்?

ஆர்சனல், எவர்டன் போல வேறு இடத்தில் கட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. டாட்டனம் பழைய வைட் ஹார்ட் லேன் இருந்த இடத்திலேயே கட்டியதால், 2017 முதல் ஏறக்குறைய இரண்டு சீசன்கள் வெம்பிளியில் ஆடியது. அங்கே 2018 பிப்ரவரி 10 அன்று ஆர்சனலுக்கு எதிராக 83,222 பேர் கூடியது பிரீமியர் லீக்கின் சாதனை. எனினும் ஆங்கில லீக் வரலாற்றின் உச்சம் 1948 ஜனவரியில் மெய்ன் ரோடில் மான்செஸ்டர் யுனைடெடும் ஆர்சனலும் ஆடிய போட்டிக்கு வந்த 83,260. எழுபது ஆண்டுச் சாதனை 38 பேரால் தப்பியது.

சொந்த அரங்கமா, வாடகையா?

முடிந்தால் சொந்தம். கோவென்ட்ரி 2005-இல் ஹைஃபீல்டு ரோடை விட்டு 32,000 இருக்கை அரங்கத்துக்கு வாடகைக்குப் போனது. வாடகைத் தகராறில் 2013–14 சீசனை நார்தாம்டனிலும், பின்னர் 2019 முதல் இரண்டு சீசன்களைப் பர்மிங்காமிலும் ஆட நேர்ந்தது. சொந்த ஊரில் பெரிய அரங்கம் இருக்க, அடுத்த ஊருக்கு வண்டி ஏறிய ரசிகர்களின் நிலை எந்த ஊருக்கும் வரக் கூடாது.

எவர்டன் இடம் மாற ஏன் இத்தனை காலம் பிடித்தது?

கிங்ஸ் டாக் என்ற கப்பல்துறையில் அரங்கம் கட்டும் திட்டம் பணம் திரட்ட முடியாமல் 2003-இல் கைவிடப்பட்டது. நகர எல்லைக்கு வெளியே கிர்க்பியில் கட்டும் திட்டத்தை 2009-இல் அரசு நிராகரித்தது. வால்டன் ஹால் பார்க் திட்டம் 2016-இல் நின்றது. புதிய அரங்கம் எழுந்த பிராம்லி-மூர் கப்பல்துறையில் 2021-இல் வேலை தொடங்கியபோது யுனெஸ்கோ லிவர்பூலின் துறைமுகப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குச் சொன்ன காரணங்களில் இந்த அரங்கமும் ஒன்று. 2025 ஆகஸ்ட் 24 அன்று பிரைட்டனை 2–0 என வென்று புதிய அரங்கத்தின் லீக் கணக்கு தொடங்கியது. 1892-இல் குடிசன் பார்க் திறக்கப்பட்டதும் ஆகஸ்ட் 24 அன்றுதான்.

பழைய மைதானத்தை என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் வீடுகளாகின்றன. ஹைபரியில் கிழக்கு, மேற்கு மாடங்களின் முகப்பு அப்படியே நிற்க, உள்ளே குடியிருப்புகள் வந்தன. புல்தரை அவற்றின் நடுத்தோட்டமாயிற்று. ரோக்கர் பார்க் இருந்த இடத்துத் தெருக்களுக்குச் சுழல்வாயில், நடுக்களம், கோல்முகம் என்று பொருள்படும் பெயர்களை இட்டிருக்கிறார்கள்.

குடிசன் பார்க்கை இடிக்கத்தான் முதலில் எண்ணினார்கள். அந்தப் புல்தரையின் ஓரங்களில் 800-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. இனி இடமில்லை என்று அந்த வழக்கத்தையே நிறுத்தும் அளவுக்குக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. 2025 மே மாதம், மைதானம் இடிக்கப்படாது, எவர்டன் மகளிர் அணியின் சொந்த மைதானமாகத் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. 1920-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இதே மைதானத்தில் டிக் கெர் மகளிர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் ஆடிய போட்டிக்கு ஏறத்தாழ 53,000 பேர் வந்தனர். பல ஆயிரம் பேர் உள்ளே இடமின்றித் திரும்பினர். மறு ஆண்டு டிசம்பரில் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அது நீடித்தது. அன்று வாசலில் நின்று திரும்பியவர்களின் ஊரில், அதே வாசல்கள் இப்போது பெண்களின் போட்டிகளுக்காகத் திறக்கின்றன.